மூணு இன்ச் ஆசை

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்று ஒரு சின்ன ஊர். பக்கத்தில் கொலராடோ ஆறு ஓடுகிறது. ஊரைச் சுற்றி எங்கே திரும்பினாலும் செங்கல் நிறத்தில் பாறை. 1950-களில் யுரேனியம் தோண்ட வந்த கூட்டத்தால் பிரபலமான ஊர் இது. இன்றைக்கு அங்கே கூட்டம் வருவது வேறு காரணத்துக்காக. சனிக்கிழமை காலையில் பெரிய பெரிய பிக்-அப் வண்டிகள் டிரெய்லரை இழுத்துக்கொண்டு வந்து நிற்கும். டிரெய்லரிலிருந்து இறங்கும் அந்த வினோத வாகனம், வெட்டுக்கிளிக்கு நாலு சக்கரம் மாட்டினது மாதிரி இருக்கும்!

அதன் பெயர் சைடு பை சைடு. சுருக்கமாக யூ.டி.வி. என்றும் சொல்வார்கள். நம் ஊர் சுற்றுலாத் தலங்களில் ‘ஏ.டி.வி. ரைடு’ என்று போர்டு வைத்து, நாலு சக்கர பைக்கில் ஒரு ரவுண்டு அனுப்புவார்களே... அதற்கு இது அண்ணன். அதில் பைக்கில் உட்காருவதுபோல் காலை அகட்டி உட்கார வேண்டும். இதில் கார் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் சீட், ஸ்டீயரிங், சீட் பெல்ட். கூரை கிடையாது, தலைக்கு மேல் இரும்புக் குழாயில் ஒரு கூண்டு. வண்டி கவிழ்ந்தால் உயிரைக் காப்பாற்றுவது அந்தக் கூண்டுதான்.

தோட்ட வேலைக்கும் பண்ணை வேலைக்கும் இருந்த இந்த ஜாதி வண்டியை விளையாட்டுப் பக்கம் திருப்பியது, 2004 மாடலாக வந்த யமஹா ரைனோ. அதன் பிறகு 2008 மாடலாக பொலாரிஸ் நிறுவனத்தின் ஆர்.இஸட்.ஆர். வந்தது. ‘ரேஸர்’ என்று செல்லமாகக் கூப்பிடுகிறார்கள். அதற்கப்புறம் குதிரைத்திறன் போட்டி ஆரம்பித்துவிட்டது. 2014 மாடலாக வந்த ஆர்.இஸட்.ஆர். எக்ஸ்.பி. 1000, நூறு குதிரைத்திறனைத் தாண்டியது. நம் ஊர் ஸ்விஃப்ட் காரைவிட அதிகம். நாலு பேர் உட்காரும் மாடலே 700 கிலோ சொச்சம்தான்.

இந்த வண்டியை வாங்கும் ஆளுக்கு முதல் மாதத்திலேயே ஒரு ஆசை வரும். இன்ஜின் மேல் அல்ல, ஸ்பீக்கர் மேலும் அல்ல. டயர் மேல்!

சால்ட் லேக் சிட்டியில் ஒரு குடும்பம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். அங்கிருந்து மோவாப் நாலு மணி நேர டிரைவ். பழைய எக்ஸ்.பி. 1000 ஒன்றை, நாலு சீட் மாடலாகப் பார்த்து வாங்கியிருக்கிறார்கள். கம்பெனியே மாட்டிக் கொடுத்த டயர், 29 இன்ச் உயரம். முதல் பயணத்திலேயே ஒரு படிக்கட்டுப் பாறையில் அடித்தட்டு ‘கர்ர்ர்’ என்று உரசுகிறது. பக்கத்தில் போகிறவர் 32 இன்ச் டயரில் சத்தமே இல்லாமல் ஏறிப் போகிறார். அன்றைக்கு ராத்திரியே ஹோட்டல் அறையில் கணவர் போனை நோண்ட ஆரம்பித்துவிடுகிறார். மூணு இன்ச்தானே... மாற்றிவிட்டால் என்ன?

கேட்பதற்கு மூணு இன்ச். உண்மையில் கிடைப்பது ஒன்றரை இன்ச்!

டயரின் உயரம் என்பது குறுக்களவு. ஆக்ஸில் இருப்பது நடுவில். டயர் மூணு இன்ச் பெரிதானால், வண்டியின் அடிவயிறு அதில் பாதிதான் மேலே போகும். மீதிப் பாதி, ஆக்ஸிலுக்கு மேலே, மட்கார்டைப் பார்த்து வளர்கிறது. அது எதற்கும் உபயோகம் இல்லை, உரசுவதற்குத்தான் உபயோகம். அதனால் கடைக்காரர் ‘மூணு இன்ச் ஹைட் கிடைக்கும்’ என்று சொன்னால், அவர் விற்கிறார் என்று அர்த்தம்.

ஆனாலும் பெரிய டயரின் நன்மை பொய்யில்லை. சின்னச் சக்கரம் விழுகிற பள்ளத்தில் பெரிய சக்கரம் முழுசாக விழாது, மேலாகத் தாண்டிவிடும். சூட்கேஸ் சக்கரம் நடைபாதைக் கல்லில் முட்டி நிற்கிறது, மாட்டுவண்டிச் சக்கரம் ஏறிப் போகிறது, அதே விஷயம்தான். தரையில் பதியும் தடமும் நீளமாகும், பிடிமானம் கூடும். இதெல்லாம் நிஜமாகவே கிடைக்கும் லாபம். கேள்வி, அதற்கு எங்கிருந்து விலை கொடுக்கிறோம் என்பதுதான்.

முதல் விலை, பெல்ட்.

இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார் மாதிரி கியர்பாக்ஸில் ஒன்று, இரண்டு, மூன்று என்று மாற்றும் வேலை இல்லை. ஒரு ரப்பர் பெல்ட், இரண்டு புல்லிகள். வேகத்துக்கு ஏற்ப புல்லிகள் அகலும், சுருங்கும். பெல்ட் மேலும் கீழும் நகர்ந்து தானாக கியர் மாற்றிக்கொள்ளும். புதுசு ஒன்றும் இல்லை. நம் வீட்டு வாசலில் நிற்கும் ஆக்டிவாவிலும் ஸ்கூட்டி பெப்பிலும் இதே சங்கதிதான். மேம்பாலத்தில் இரண்டு பேர் ஏறிப்போகும்போது ஸ்கூட்டர் ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டே மெல்ல ஏறுமே, அப்போது உள்ளே பெல்ட்தான் கஷ்டப்படுகிறது. அந்தப் பெல்ட்டை நூறு குதிரைத்திறன் இன்ஜினில் மாட்டி, பாறை மேல் ஏறச் சொன்னால் எப்படி இருக்கும்?

29-க்குப் பதில் 32 போட்டால், சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது வண்டி போகும் தூரம் பத்து சதவிகிதம் கூடுகிறது. கேட்க நல்லாயிருக்கும். ஆனால், இன்ஜினுக்கு இது சைக்கிளில் பெரிய கியர் போட்டு மேட்டில் மிதிக்கச் சொல்வது மாதிரி. மெதுவாக, அழுத்தமாக ஏற வேண்டிய இடத்தில் புல்லி பெல்ட்டை இறுக்கிப் பிடிக்காமல் வழுக்கும். வழுக்கினால் சூடு. சூடு ஏறினால் ரப்பர் பளபளப்பாகி இன்னும் வழுக்கும். கடைசியில் ‘பட்’டென்று ஒரு சத்தம்... கூடவே ரப்பர் கருகும் வாசனை. வண்டி அங்கேயே நிற்கும்.

ஸ்கூட்டியில் பெல்ட் அறுந்தால் தள்ளிக்கொண்டு மெக்கானிக் கடைக்குப் போகலாம். பாலைவனப் பாறை நடுவே, செல்போன் சிக்னல் இல்லாத இடத்தில், மதியம் இரண்டு மணிக்கு, பிள்ளைகள் இரண்டும் ‘தண்ணி... தண்ணி...’ என்னும்போது என்ன செய்வது? இதற்காகவே அனுபவசாலிகள் சீட்டுக்கடியில் ஒரு மாற்று பெல்ட்டையும் அதை மாட்டும் டூலையும் வைத்துக்கொண்டுதான் கிளம்புவார்கள். கம்பெனி பெல்ட் ஒன்றின் விலை நூறு டாலரைத் தாண்டும். சூடான கவரைக் கழற்றி, உள்ளே சிக்கிய ரப்பர் நாரையெல்லாம் பொறுக்கியெடுத்து, புது பெல்ட்டை மாட்டுவதற்குள் வியர்த்துக் கொட்டிவிடும். வீட்டில் ஷெட்டில் வைத்து ஒருமுறையாவது கழற்றி மாட்டிப் பழகாதவர் காட்டில் திணறுவார்.

இதற்கு இரண்டு வைத்தியம் உண்டு. ஒன்று காசு கேட்கும், இன்னொன்று கேட்காது. காசு கேட்பது ‘கிளட்ச் கிட்’. புல்லிக்குள் இருக்கும் எடைக்கட்டிகளையும் ஸ்பிரிங்கையும் பெரிய டயருக்குத் தகுந்தபடி மாற்றுவது. காசு கேட்காதது, கியர் லீவரை ‘லோ’வில் போடுவது. அவ்வளவுதான்! மெதுவாகப் போகும் இடத்தில் எல்லாம் லோ கியர் என்ற ஒரே பழக்கம், பாதி பெல்ட்டுகளைக் காப்பாற்றிவிடும். ஆனால், பலருக்கு லோ கியர் போடுவது கௌரவக் குறைச்சல். ‘ஹை’யில் ஏறினால்தான் ஆம்பளை என்று ஒரு நினைப்பு. பெல்ட்டுக்கு அது தெரியுமா?

இரண்டாவது விலை, எடை.

டயர் உயரம் கூடினால் எடையும் கூடும். பாறைக்குத் தாங்கும் தடித்த டயராகப் பார்த்து வாங்கினால் இன்னும் கூடும். டயர் ஒன்றுக்கு பத்து பவுண்டு, அதாவது நாலரை கிலோ கூடுவது சர்வசாதாரணம். ‘நாலு டயருக்கும் சேர்த்துப் பதினெட்டு கிலோதானே, ஒரு சின்னப் பையன் கூட உட்கார்ந்த மாதிரி’ என்று கணக்குப் போட்டால் அது தப்புக்கணக்கு. சீட்டில் உட்காரும் எடையை முன்னால் நகர்த்தினால் போதும். டயரில் ஏறும் எடையை முன்னால் நகர்த்தவும் வேண்டும், சுற்றவும் வேண்டும். அந்த எடையில் பெரும்பகுதி இருப்பது டயரின் வெளி விளிம்பில். குயவர் சக்கரத்தைப் பார்த்திருப்பவர்களுக்கு இது புரியும். விளிம்பில் கனம் இருப்பதால்தான் அதைச் சுற்றிவிடுவதும் கஷ்டம், சுற்ற ஆரம்பித்தால் நிறுத்துவதும் கஷ்டம். விளிம்பில் கூடும் ஒரு கிலோ, வேகம் எடுக்கும்போதும் பிரேக் போடும்போதும் கிட்டத்தட்ட இரண்டு கிலோ மாதிரி நடந்துகொள்ளும்.

பிரேக் விஷயத்தில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பிரேக் டிஸ்க் அதே பழைய சைஸ். ஆனால், அது பிடித்து நிறுத்த வேண்டிய சக்கரத்தின் ஆரம் பத்து சதவிகிதம் கூடிவிட்டது. பெடலை அதே அளவு மிதித்தால் தரையில் கிடைக்கும் பிடி பத்து சதவிகிதம் குறையும். இதில் ஸ்பீடோமீட்டரும் சேர்ந்து ஏமாற்றும். அது சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்பதை வைத்துத்தான் வேகம் சொல்கிறது. முள் 40 மைல் காட்டும்போது வண்டி 44 மைலில் போய்க்கொண்டிருக்கும். வேகம் கூட, பிரேக் குறைவு, முள் மட்டும் பழைய நிம்மதியில்!

ஆக்ஸில் கதை இதைவிடச் சோகம். பெரிய டயர் ஒரு பாறை இடுக்கில் மாட்டிக்கொள்ளும்போது, ஆக்ஸிலை முறுக்கும் நெம்புகோல் நீளமாகியிருக்கிறது. சக்கரத்தை முழுசாகத் திருப்பி வைத்துக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதித்தால், பலவீனமான இடம் எதுவோ அது உடையும். பெரும்பாலும் முன் ஆக்ஸிலின் முனையில் இருக்கும் ஜாயின்ட்தான் பலி.

சரி, எந்த டயர் வாங்கலாம்? டயர் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நம் ஊர் கார் டயரில் 165/80 R14 என்றிருக்கும். அது மில்லிமீட்டரும் சதவிகிதமும் கலந்த கணக்கு. இதில் நேரடிக் கணக்கு. 32x10R14 என்றால், உயரம் 32 இன்ச், அகலம் 10 இன்ச், ரேடியல் டயர், 14 இன்ச் ரிம்முக்குப் பொருந்தும். ஆனால், இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. 32 என்று அச்சடித்த டயரைக் காற்று நிரப்பி அளந்தால் 31 சொச்சத்தில் நிற்பதும் உண்டு. ஒரு கம்பெனியின் 30-ம் இன்னொரு கம்பெனியின் 31-ம் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தால் ஒரே உயரத்தில் இருக்கலாம். சந்தேகம் வந்தால் சுலபமான வழி, டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, வண்டியைச் சரியாக ஒரு சுற்று உருட்டி, தரையில் டேப் வைத்து அளப்பது. அதை 3.14-ஆல் வகுத்தால் நிஜ உயரம் வந்துவிடும். வண்டியின் எடையில் டயர் கொஞ்சம் நசுங்குவதால், அச்சடித்ததைவிடக் கொஞ்சம் குறைவாகவே வரும். வண்டி வாழப்போவது அந்த உயரத்தோடுதான்.

‘8 பிளை’, ‘10 பிளை’ என்று எழுதியிருக்கும். முன்பு உள்ளே எத்தனை அடுக்குத் துணி என்பதைச் சொன்ன எண் அது. இன்றைக்கு அடுக்கை எண்ணிப் பார்த்தால் அவ்வளவு இருக்காது. அந்த அளவுக்குத் தாங்கும் என்று பொருள். ரிம்மில் போல்ட் ஓட்டை நாலு என்றாலும், கம்பெனிக்குக் கம்பெனி இடைவெளி மாறும். பொலாரிஸுக்கு 156 மில்லிமீட்டர், கேன்-ஆமுக்கு 137. நண்பர் பழைய ரிம்மை மலிவாகத் தருகிறார் என்று வாங்கிவந்து, மாட்ட முடியாமல் முழிப்பதற்கு இந்த ஒரு எண் போதும்.

நாலையும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும். பின்னால் மட்டும் பெரிதாகப் போட்டால் முன் சக்கரம் ஒரு கணக்கிலும் பின் சக்கரம் ஒரு கணக்கிலும் ஓடி, நாலு சக்கர இழுவையே குழம்பிவிடும். எக்ஸ்.பி. 1000-ல் முன் டயர் 9 இன்ச் அகலம், பின் டயர் 11 இன்ச். மாற்றும்போது நாலும் 10 இன்ச் அகலமாக வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். தேய்மானத்துக்குத் தகுந்தபடி முன்னும் பின்னும் இடம் மாற்றலாம், ஒரே ஸ்டெப்னி எல்லா இடத்துக்கும் ஆகும். ஸ்டெப்னியும் புது சைஸில்தான் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆக, பட்ஜெட் போட வேண்டியது நாலு டயருக்கு அல்ல, ஐந்துக்கு.

இதையெல்லாம்விடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. எந்தத் தரையில் ஓட்டப்போகிறோம்?

மோவாபின் பாறைக்கு ‘ஸ்லிக்ராக்’ என்று பெயர். வழுக்குப் பாறை! குதிரையில் வந்த பழைய குடியேறிகள் வைத்த பெயர் என்பார்கள். குதிரை லாடத்துக்கு அது வழுக்கியதாம். ரப்பருக்கு அது வழுக்காது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு காற்று குவித்த மணற்குன்றுகள்தான் கல்லாக இறுகி அந்தப் பாறையானது. அதனால், மேல்பரப்பு உப்புத்தாள் மாதிரி. செங்குத்தாகத் தெரியும் மேட்டிலும் டயர் ஒட்டிக்கொண்டு ஏறும். ‘ஹெல்ஸ் ரிவெஞ்ச்’ என்ற பாதையில் முதல்முறை போகிறவர்கள் கண்ணை மூடிக்கொள்வதும், அப்புறம் சிரிப்பதும் இதனால்தான். அங்கே பிடிமானத்துக்கு உயரமான டயர் தேவையே இல்லை. தேவை, கூரான விளிம்பில் உரசினாலும் கிழியாத பக்கச்சுவர். 30 இன்ச்சில் தடித்த 8 பிளை டயர், 32 இன்ச்சில் மெல்லிய டயரைவிட அங்கே நல்ல துணை.

கலிஃபோர்னியாவின் தென்கிழக்கு மூலையில், மெக்ஸிகோ எல்லையை ஒட்டி இருக்கும் இம்பீரியல் மணற்குன்றுகளுக்குப் போனால் கதையே வேறு. மணலில் பின் சக்கரத்துக்குத் துடுப்பு மாதிரி பட்டை வைத்த டயர் போடுவார்கள். முன் டயர் கிட்டத்தட்ட மொழுமொழு. கனமான பாறை டயரை அங்கே கொண்டுபோனால், அது மணலைத் தோண்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

லூசியானா, மிசிசிப்பி பக்கம் சேறு. அங்கே 34, 35 இன்ச் என்று உயரமாகவும் ஒல்லியாகவும் போடுகிறார்கள். நெல் வயலில் டிராக்டர் ஓட்டியவர்களுக்கு விளக்கமே வேண்டாம். மேலே மிதக்கப் பார்க்காமல், சேற்றை வெட்டிக்கொண்டு அடியில் இருக்கும் கெட்டித் தரையைத் தொட்டு இழுக்கும் டயர் அது. நம் ஊரில் நடவுக்கு முன் டிராக்டருக்குக் கேஜ் வீல் மாட்டுவதும் இதே சேற்றுப் பிரச்னைக்கு இன்னொரு பதில்தான். ஆனால், அவ்வளவு பெரிய டயரைச் சும்மா மாட்ட முடியாது. சக்கரத்துக்குள்ளேயே கூடுதல் பல்சக்கரப் பெட்டி வைத்து, வண்டியைத் தூக்கி, வேகத்தைக் குறைத்து, இழுவையைத் திரும்பப் பெறுகிறார்கள். அந்தப் பெட்டிகளுக்கான செலவில் இன்னொரு பழைய வண்டியே வாங்கிவிடலாம்.

மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரி மலைகளில் ஹாட்ஃபீல்ட்-மெக்காய் பாதைகள் இருக்கின்றன. மரத்துக்கு மரம் நெருக்கம். நாட்டின் பல காட்டுப் பாதைகளில் 50 இன்ச்சுக்கு மேல் அகலம் உள்ள வண்டிக்கு அனுமதி இல்லை. அதற்கென்றே 50 இன்ச் அகலத்தில் ஒல்லி மாடல்கள் வருகின்றன. அவற்றுக்கு டயர் மாற்றும்போது ரிம் கொஞ்சம் வெளியே தள்ளி நின்றாலும், வண்டி அந்தப் பாதைக்குத் தகுதி இழந்துவிடும்.

அகலம் என்றதும், இந்த விஷயத்தில் உயிரோடு சம்பந்தப்பட்ட இடத்துக்கு வந்தாகிவிட்டது.

ஒரு வண்டி பக்கவாட்டில் கவிழுமா, கவிழாதா என்பதைத் தீர்மானிப்பதில் முக்கியமானவை இரண்டு. இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, எடையின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம். கணக்குக்காக ஒரு வண்டியின் சக்கர இடைவெளி 54 இன்ச், எடை மையம் 27 இன்ச் உயரம் என்று எடுத்துக்கொண்டால், காகிதத்தில் அது 45 டிகிரி சாயும் வரை தாங்கும். 32 இன்ச் டயர் போட்டு ஒன்றரை இன்ச் உயர்த்தினால் 43-க்குக் கொஞ்சம் மேலே. டயர் உரசுகிறது என்று அதோடு இரண்டு இன்ச் ‘லிஃப்ட் கிட்’டும் மாட்டினால் 41 சொச்சம். நாலு டிகிரிதானே என்று தோன்றும். இது அசையாத வண்டிக்கான கணக்கு. ஓடும் வண்டியில் சஸ்பென்ஷன் ஒரு பக்கம் அமுங்கும், டயர் நசுங்கும், ஆட்கள் ஒரு பக்கம் சாய்வார்கள். நிஜ எல்லை இதற்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிடும். சரிவில் போகும்போது மேல் பக்கச் சக்கரம் ஒரு எட்டு இன்ச் கல்லில் ஏறினாலே, அது ஒன்றே எட்டு டிகிரி சாய்த்துவிடும். அந்த நேரத்தில் நாலு டிகிரி என்பது சின்ன எண் இல்லை.

அகலத்தின் அருமைக்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 2009 மார்ச் மாதம் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமும் யமஹாவும் சேர்ந்து, ரைனோ வண்டிகளுக்கு இலவச மாற்றம் அறிவித்தன. ரைனோ 450, 660 மாடல்கள் சம்பந்தப்பட்ட விபத்துகளில் ஓட்டியவர்களும் உடன் போனவர்களுமாக 46 பேர் இறந்ததை ஆணையம் அப்போது சுட்டிக்காட்டியது. விசாரித்த விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், வண்டி கவிழ்ந்தவை. பலர் சீட் பெல்ட் போட்டிருக்கவில்லை. செய்த மாற்றங்களில் ஒன்று என்ன தெரியுமா? பின் சக்கரங்களுக்கு 50 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்து, வண்டியை அகலமாக்கியது. பின்பக்க ஆன்ட்டி-ஸ்வே பாரையும் எடுத்துவிட்டார்கள். வெறும் இரண்டு இன்ச் சமாச்சாரம் அது. அதற்குப் பின் வந்த விளையாட்டு மாடல்கள் 64, 72 இன்ச் என்று அகலமாகிக்கொண்டே போயின.

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் உயரத்தைக் கூட்டினால் அகலத்தையும் கூட்டுகிறார்கள். சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே தள்ளி நிறுத்தும் ரிம்மாக வாங்குகிறார்கள். மேலே சொன்ன கணக்கில், ஒன்றரை இன்ச் உயர்வுக்குப் பக்கத்துக்கு ஒன்றரை இன்ச் அகலம் கூட்டினால் பழைய 45 டிகிரியே திரும்பக் கிடைக்கும். ஆனால், சக்கரம் வெளியே போகப் போக பேரிங்குக்குச் சுமை, ஸ்டீயரிங்குக்கு உதறல். டிரெய்லரில் ஏறுமா, ஷெட் கதவுக்குள் நுழையுமா என்பதும் பார்க்க வேண்டும். இங்கே எதுவும் இலவசமாகக் கிடைப்பதில்லை... ஒன்றைத் தவிர.

அது காற்று!

இந்த வண்டிகளின் டயர்களில் கார் மாதிரி முப்பது சொச்சம் பி.எஸ்.ஐ. காற்று அடிப்பதில்லை. பன்னிரண்டு, பதினைந்து என்ற அளவில்தான் கம்பெனி ஸ்டிக்கரே சொல்லும். பாறையில் மெதுவாகப் போகும்போது அதில் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. குறைத்தால் டயர் மெத்தைபோலக் கல்லை வாங்கிக்கொள்ளும். தடம் நீளும், பிடி கூடும், முதுகுக்கும் சுகம். பெரிய டயர் வாங்கிப் பெற நினைத்த பிடிமானத்தில் ஒரு பங்கு, டயரின் வால்வை அழுத்திய ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடுகிறது. ரொம்பக் குறைத்தால் வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். அப்படி ஓட்ட ஆசைப்படுபவர்கள் டயரை ரிம்மோடு வளையம் வைத்து இறுக்கும் ‘பீட்லாக்’ ரிம்முக்குப் போகிறார்கள். திரும்பி வேகமாக ஓட்டும் பாதைக்கு வரும்போது மறுபடி காற்று அடித்துக்கொள்ள, பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரஸர் ஒன்று வேண்டும். அதிலும் பலருக்குச் சோம்பல். குறைத்த காற்றோடு வேகமாகப் போய் ரிம்மை நெளித்துக்கொண்டு வருகிறவர்கள் ஏராளம்.

இனி அந்த சால்ட் லேக் குடும்பத்துக்கு வருவோம். 32 இன்ச்சுக்குப் போனால் டயர், ரிம், கிளட்ச் கிட் எல்லாம் சேர்த்து 1,500 டாலரை எளிதாகத் தாண்டும். அளவு மாறிய டயர் வண்டியின் நடத்தையை மாற்றிவிடும் என்று வண்டியோடு வரும் கையேடுகளும் பொதுவாக எச்சரிக்கின்றன. மோவாபை விட்டு அவர்கள் வேறெங்கும் அதிகம் போகப்போவதில்லை. பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள். மனைவி கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “அடி உரசாம இருக்கணும்னா, அடியில தகடு போட்டா போதாதா?”

போதும்! பிளாஸ்டிக்கிலேயே கனமான அடித்தகடு கிடைக்கிறது. பாறை மேல் அடிவயிறு வழுக்கிக்கொண்டு போகட்டும் என்றே செய்தது. உரசும் சத்தம் கேட்கும், ஆனால் எதுவும் உடையாது. அந்தச் சத்தத்தைத் தாங்கிக்கொள்வதற்கு மூணு இன்ச் டயரைவிடக் குறைந்த செலவுதான்.

ஆக, 30 இன்ச், 8 பிளை, நாலும் 10 இன்ச் அகலம், இருக்கிற 14 இன்ச் ரிம்மிலேயே. ஐந்தாவதாக அதே சைஸில் ஒரு ஸ்டெப்னி. உயரம் கூடியது அரை இன்ச்தான், கியர் கணக்கு மாறியது மூன்றரை சதவிகிதம்தான்; கிளட்ச் கிட் வேண்டியதில்லை. மிச்சப்பட்ட காசில் அடித்தகடு, மாற்று பெல்ட், சின்ன கம்ப்ரஸர், பிள்ளைகள் கையை வெளியே நீட்டாமல் இருக்க ஜன்னலுக்கு வலை. கவிழும்போது கையை ஊன்றித் தடுக்கப் பார்ப்பதில்தான் நிறைய கைகள் நசுங்குகின்றன. அந்த வலை அதற்காக.

டயர் மாட்டிய அன்றைக்கு, வண்டி ஓட்டுவதற்கு முன் கணவர் செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி. ஸ்டீயரிங்கை இடது கடைசி, வலது கடைசி என்று திருப்பி, ஜாக்கி வைத்து ஒவ்வொரு சக்கரமாக மேலே தள்ளி, எங்காவது டயர் தொடுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது. அரை இன்ச்தான் என்றாலும் பார்க்க வேண்டும். மட்கார்டின் பிளாஸ்டிக்கைத் தொட்டால் கொஞ்சம் அறுத்துவிடலாம். இரும்பைத் தொட்டால் டயரைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

அப்புறம், முதல் ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் வண்டியை நிழலில் நிறுத்தி, பதினாறு நட்டுகளையும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி ஒருமுறை இறுக்கிவிட வேண்டும். புது டயர் மாட்டிய வண்டியில் நட்டு தளர்வது சகஜம்.